முதுகாட்டில் ஓர் இடம்

முதுகுக்குப் பின்னால் ஆளுயர எழுத்தில் 'முதுகாடு' என்று கட்டியிருந்த பதாகையைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்று வடிவு வைராக்கியமாக உட்கார்ந்திருந்தாள், ஆனாலும் உள்ளே நுழையும்போதே ஒரு தரம் பார்த்துத் தொலைத்தாகிவிட்டது, உடைந்த தாழி ஒன்று, அதன் வாயிலிருந்து பறந்து வருகிற நீலப் பட்டாம்பூச்சி, அதற்கு அடியில் கன்னத்தில் கை வைத்த கவிஞரின் படம். தாழிக்குள்ளிருந்து என்ன வரும் என்று இவர்களில் ஒருத்தருக்காவது தெரியுமா, மண் வரும், பொடிந்த எலும்பு வரும், ஒரு பல் வரும், மழைக்காலமாக இருந்தால் தேரை வரும். பட்டாம்பூச்சியாம். பாளையங்கோட்டையில் ஒரு சங்கக் கட்டிடத்தின் மாடி, ஞாயிற்றுக்கிழமை காலை, எதிரே நாற்காலிகளில் புத்தக வெளியீட்டுக்கென்றே நேர்ந்துவிட்ட அதே முகங்கள், பின்வரிசையில் கவிஞரோடு வங்கியில் வேலை பார்க்கிறவர்கள் மடியில் கேசரித் தட்டோடு. கேசரியில் காறின நெய் வாடை. யாரோ வாசலில் பன்னீர் தெளித்திருந்தார்கள், இழவு வீட்டில் தெளிப்பார்களே அதே பன்னீர், இரண்டும் கலந்து மேடைவரைக்கும் வந்து மூக்கில் ஏறிற்று. அழைப்பிதழில் அவள் பேர் 'முனைவர் வடிவு, தமிழ்த்துறை' என்று இருந்தது. அவள் பேர் சுடலைவடிவு. ஐம்பதை நெருங்குகிற வயதில் அவள் பேரைப் பாதியாக நறுக்கியவர் கவிஞர்தான், போன வாரம் போனில் கேட்டார், "மேடம், சுடலைன்னு போட்டா அழைப்பிதழ் பாக்கிறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும், வடிவுன்னு மட்டும் போட்டுரட்டுமா?" முதுகாடு என்று புத்தகத்துக்குப் பேர் வைக்கிறவருக்குச் சுடலை ஒரு மாதிரி இருக்கிறது. முதுகாட்டைப் படித்தவர்கள் வாயில் போட்டுக் குதப்பலாம், அது பழம்பாட்டில் வருகிற சொல், மணக்கும். சுடலை இப்போதும் பிணம் போகிற இடம், நாறும். சரி சார், போட்டுக்கோங்க என்று சொன்னாளே, அதுதான், அந்தச் 'சரி சார்'தான் இப்போது தொண்டையில் கேசரியைவிடப் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது.

மடியில் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. அண்ணன் கொம்பையாதான். எடுக்கவேண்டியதில்லை, கேட்கப்போகிறது தெரியும், விடிந்ததிலிருந்து அதையேதான் கேட்கிறான், "அய்யாவுக்கு இழுத்துக்கிட்டு கெடக்கு, அந்த சார்ட்ட கேட்டியாளா, எங்க குழி வெட்டச் சொல்லட்டும்?" உயிரோடு இருக்கிற மனுசனுக்குக் குழியைப் பற்றிப் பேசலாமா என்று ஊரில் யாரும் முகம் சுளிக்கவில்லை, ஏனென்றால் அய்யாவே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார், பேச்சு நிற்கிறவரைக்கும். உங்கம்மை பக்கத்துல ஒரு ஆள் எடம் கெடக்கு, என்னைய அங்க வச்சிருங்க. வேறெதுவும் கேட்கவில்லை மனுசன், கஞ்சி கேட்கவில்லை, டாக்டர் கேட்கவில்லை. அம்மை போய் எட்டு வருசமாகிறது, அவள் கிடப்பது பரம்பில். ஊருக்கு வடக்கே சரளைமண் மேடு, அதைப் பரம்பு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், ஒருத்தர் செத்தால் பரம்புக்குப் போயிட்டாரு என்பார்கள், ரொம்ப நாளாகப் படுக்கையில் கிடப்பவரைப் பரம்பு இன்னும் கூப்பிடலை என்பார்கள், கோபம் வந்தால் நீ பரம்புக்குப் போவ என்று பிள்ளைகளைத் திட்டுவார்கள், வாழ்நாளெல்லாம் புழங்கித் தேய்ந்த சொல், பித்தளைச் செம்பு மாதிரி. அதில் கவிதை கிடையாது. அப்புறம் ஒரு நாள் கவிஞர் வந்தார், கூட நாலு பேர் வந்தார்கள், தரையில் பாதி புதைந்திருக்கிற பானை விளிம்புகளைப் பார்த்துவிட்டு ஆளுக்கு ஒரு கல்லில் உட்கார்ந்து சிகரெட் பிடித்தார்கள், கவிஞர் பத்திரிகையில் கட்டுரை எழுதினார், 'கைவிடப்பட்ட முதுகாடு' என்று. யார் கைவிட்டது. அதற்கு முந்தின மாசம்வரைக்கும் பிணம் போன இடத்தை யார் கைவிட்டது. அந்தக் கட்டுரை வந்த பிறகுதான் தொல்லியல் துறையிலிருந்து ஆள் வந்தார்கள், அளந்தார்கள், சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டார்கள், காவலுக்கு ஒரு வாச்சரை வைத்தார்கள், வாசலில் பலகை நட்டார்கள், 'தொன்மையான முதுகாடு. உள்ளே தோண்டுவதும் புதைப்பதும் தண்டனைக்குரியது.' கவிஞரின் சொல்லை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். மூவாயிரம் வருசத்துக்கு முந்திச் செத்தவன் உள்ளே, நேற்றுச் செத்தவன் வெளியே. ஊருக்குப் புது இடம் ஒதுக்கினார்கள், நகராட்சிக் குப்பை கொட்டுகிற கிடங்குக்கு அடுத்தாற்போல, நாய் காலைத் தூக்குகிற இடத்தில். முதல் பிணத்தை அங்கே கொண்டுபோன அன்றைக்குக் குப்பையில் தீ வைத்திருந்தார்கள், பிளாஸ்டிக் புகையில் தூக்கிப்போனவர்கள் இருமி இருமிப் பாடையே ஆடிற்றாம். அய்யா அதை நேரில் பார்த்துவிட்டு வந்து படுத்தவர்தான்.

மைக்கில் ஒரு அம்மாள் பேசிக்கொண்டிருந்தாள், விமர்சகர், மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றியிருந்தாள், "இந்தத் தொகுப்பை வாசிக்க வாசிக்க, என் திருமண வாழ்க்கையே ஒரு முதுகாடுதானோ என்று தோன்றியது தோழர்களே" என்றாள், முன்வரிசையில் அவள் கணவர் சிரித்துக்கொண்டே கைதட்டினார். வடிவு புத்தகத்தை மூன்று தடவை வாசித்திருந்தாள், வாசித்துத்தானே ஆகவேண்டும், அதில் நகரம் முதுகாடு, நூலகம் முதுகாடு, பழைய காதலியின் கைப்பேசி எண் முதுகாடு, ஓரிடத்தில் கவிஞருடைய அடிவயிறு முதுகாடு. அவர் ஒருத்தர் மட்டுமென்றால்கூட ஆறிப்போகும். ஒருத்தர் தோண்டி எடுத்த சொல்லை ஒன்பது பேர் பங்கு போட்டுக்கொள்கிற காலம் இது, போன மாசம் வந்த ஒரு நாவலில் கதாநாயகன் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து, முதுகாட்டின் குளிர் என்கிறான், ஒரு சிறுகதையில் சமையலறைத் தொட்டி, ஒரு தலையங்கத்தில் எதிர்க்கட்சி. எதெல்லாம் பழசோ, எதெல்லாம் கொஞ்சம் இருட்டோ, அதன் தலையில் ஒரு முதுகாட்டைக் கவிழ்த்துவிட வேண்டியது. இவர்கள் யாரும் ஒரு பிணத்தைக் கால் பக்கம் பிடித்துத் தூக்கியிருப்பார்களா, அது எத்தனை கனம் என்று தெரியுமா, ஈரச் சாக்கு மாதிரி கையை விட்டு நழுவும். அவள் வகுப்பில் பிள்ளைகளுக்கு முதுகாடு என்றால் தொன்றுதொட்டுப் புதைத்துவரும் இடம் என்றுதான் இத்தனை வருசமும் சொல்லிக்கொடுத்தாள், தொன்றுதொட்டு, அதாவது அன்றிலிருந்து இன்றுவரை, விடாமல். இவர்கள் 'அன்று' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு 'இன்றுவரை' என்பதைத் துப்பிவிட்டார்கள். சுளையைத் தின்று கொட்டையைத் துப்புகிற மாதிரி. பக்கத்து நாற்காலியிலிருந்து கவிஞர் சாய்ந்தார், தொல்குரலோன் என்பது அவர் வைத்துக்கொண்ட பேர், வங்கியில் ஸ்ரீகுமார், வெற்றிலைச் சாறும் வாசனைத் தைலமும் சேர்ந்து அவள் காதுப்பக்கம் வந்தன, "அடுத்து நீங்கதான் மேடம். நல்லாப் பேசுங்க. சார் மனசு குளிரட்டும், அப்புறம் உங்க விஷயத்த நானே அவர்ட்ட சொல்லுதேன்." சார் என்றது ராஜமன்னாரை, மாவட்டத்தில் பெரிய அதிகாரி, அவர் ஒரு வார்த்தை சொன்னால் வேலி ஒரு நாளைக்குத் திறக்கும், அதற்காகத்தான் வடிவு இங்கே உட்கார்ந்திருக்கிறாள், அதற்காகத்தான் பேரை நறுக்கிக்கொண்டாள், கைப்பையில் நாலு பக்கத்துக்குப் பாராட்டு எழுதி மடித்து வைத்திருக்கிறாள். தமிழ்க் கவிதையின் ஆதி நிலத்தை மீட்டெடுத்த குரல், என்று தன் கையால் எழுதினாளே. எழுதிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். ராஜமன்னார் மேடை நடுவில் உட்கார்ந்து போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் முன்னால் கறுப்புப் பையில் ஒரு புங்கங்கன்று, இப்போதெல்லாம் பொன்னாடை பழசாம், எல்லாருக்கும் மரக்கன்று, வடிவு முன்னாலும் ஒன்று இருந்தது, மேலே இரண்டு இலை, இரண்டிலும் தூசி.

பானை தட்டுப்பட்டால் என்ன செய்வார்கள் என்று இந்தக் கட்டுரைக்காரர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்களே. அம்மைக்கு வெட்டின அன்றைக்கு அவள் கூட நின்றாள், பெண்பிள்ளைகள் பரம்புக்கு வரக்கூடாது என்று பெரியப்பா மறித்ததை அய்யாதான், வரட்டும்யா, அவ அம்மைதான என்று தள்ளிவிட்டார். இடுப்பளவு போனதும் மண்வெட்டி டக்கென்றது. வெட்டுகிறவர் உடனே நிறுத்திவிட்டுக் கையால் மண்ணைத் தள்ளிப் பார்த்தார், கறுப்பும் சிவப்புமாக ஒரு விளிம்பு. "பெரியவுக இருக்காக" என்றார், அவ்வளவுதான், எல்லோரும் தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்கள், அய்யா குனிந்து அந்த விளிம்பில் ஒரு கை தண்ணீர் விட்டு, "தெரியாம இடிச்சிட்டோம், கொஞ்சம் தள்ளிக்கிடுதோம்" என்று பேருந்தில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் சொல்கிற மாதிரி சொன்னார், மண்ணைத் திரும்ப மூடி, ஒரு ஆள் அகலம் இடம் விட்டுத் தள்ளி வெட்டினார்கள். அப்படித் தள்ளினதால்தான் அம்மைக்குப் பக்கத்தில் அந்த இடம் மிஞ்சிற்று. ஒரு பக்கம் பெரியவர், ஒரு பக்கம் அம்மை, நடுவில் அய்யாவுக்குப் போதும். மூடின மண்ணில் நின்று அய்யா காலால் அளந்துபார்த்தார், பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தார்கூட, கல்யாண வீட்டில் பந்தியில் துண்டு போட்டு வைத்தவர் மாதிரி. இந்தத் துறைக்காரர்கள் தோண்டி எடுத்துப் பெட்டியில் போட்டு எண் ஒட்டிக்கொண்டு போனார்கள். யார் மரியாதை கெட்டவர்கள் இதில். போன் மறுபடி அதிர்ந்தது, நின்றது, உடனே இன்னொரு தரம் அதிர்ந்தது, எடுக்கலாமா, மேடையில் எடுத்தால், ஆனால் எடுத்துத்தான் என்ன சொல்ல, இன்னும் கேட்கவில்லை என்றா, இன்னும் ஒருத்தரைப் புகழ்ந்து முடிக்கவில்லை என்றா. அய்யா படுத்திருக்கிற அறையின் வாடை நினைவில் வந்தது, முதுகுப் புண்ணும் டெட்டாலும் மூத்திரமும், நேற்று ராத்திரி முழுக்க அதற்குள்தான் இருந்தாள், ஒரு தரம்கூட அவளுக்குக் குமட்டவில்லை. இங்கே குமட்டுகிறது. பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், முனைவர் வடிவு அவர்கள்.

எழுந்து போய் மைக்கைப் பிடித்தாள், மைக்கில் முந்தின அம்மாளின் உதட்டுச் சாயம் இருந்தது. நாலு பக்கத்தையும் பிரித்து வைத்துக்கொண்டு, "தமிழ்க் கவிதையின் ஆதி நிலத்தை" என்று ஆரம்பித்தாள், அதற்கு மேல் வரவில்லை. நிஜமாகவே வரவில்லை, வாய்க்குள் எச்சில் ஊறிக்கொண்டு வந்தது, இன்னொரு சொல் எடுத்தால் இந்த மேசை விரிப்பிலேயே கொட்டிவிடும் என்று பயமாக இருந்தது. எச்சிலை விழுங்கினாள். தாளை மடித்தாள். "எங்க ஊர்ல அதுக்குப் பேரு பரம்பு" என்றாள். தன் குரலா என்று அவளுக்கே திக்கென்றது, கல்லூரித் தமிழெல்லாம் எங்கேயோ போயிருந்தது. "இவுக முதுகாடுன்னு எழுதுன இடம் எங்க பரம்புதான். அங்க எங்கம்மை இருக்கா. இப்ப அதச் சுத்தி வேலி போட்டுருக்கு. எங்கப்பாவுக்கு வீட்ல இழுத்துக்கிட்டு கெடக்கு, நான் இங்க நிக்கேன். அவருக்கு எங்கம்மை பக்கத்துல ஒரு ஆள் எடம் வேணும். அவ்வளவுதான். பழைய ஆளுகளுக்கு நாங்க எந்த எடஞ்சலும் பண்ண மாட்டோம், பண்ணுனதும் கெடையாது. அவர மட்டும் உள்ள வைக்க விடுங்க." விமர்சக அம்மாள் கண்ணாடியைத் தலையிலிருந்து எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். பின்வரிசையில் கேசரித் தட்டுகள் அசையவில்லை. கேட்டுவிட்டது, புரிந்துவிட்டது என்று வடிவு நினைத்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு வரி சொன்னாள், "இது கவிதை இல்ல." கைதட்டல் இடிந்து விழுந்தது. எழுந்து நின்றுகூட இரண்டு பேர் தட்டினார்கள், ஒரு பையன் விசிலடித்தான், யாரோ முன்வரிசையில், "அபாரம்! அபாரம்!" என்றார்கள். அவளுக்குக் காது அடைத்தது. நாற்காலிக்கு வந்து விழுந்ததும் கவிஞர் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், ஈரக் கை, "மேடம், அந்தக் கடைசி வரி இருக்கே, இது கவிதை இல்லன்னு, அத அடுத்த பதிப்புல பின்னட்டையில போட்டுக்கிடட்டுமா?" அவள் கையை உருவிப் புடவையில் துடைத்தாள். "நான் நெசமாத்தான் கேட்டேன் சார். அவர்ட்ட சொல்லுங்க." "சொல்லுதேன், சொல்லுதேன்" என்று அவர் அந்தப் பக்கம் சாய்ந்து ராஜமன்னாரின் காதில் என்னவோ சொன்னார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வடிவுக்குக் காதில் விழுந்தது ஒரு துண்டுதான், "...முதுகாட்டுல அவங்கப்பாவுக்கு ஒரு எடம் கேக்காங்க சார்..."

ராஜமன்னார் மைக்கைப் பிடித்தார், கவிஞரின் வங்கிக்காரர்கள் போனைத் தூக்கி நேரலையாகப் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள். இன்னொரு நிகழ்ச்சிக்குப் போகவேண்டும் என்பதால் சுருக்கமாக என்றார், சுருக்கமாக என்கிறவர்கள் பேசுகிற நீளத்துக்கே பேசினார். "முதுகாடு! என்ன அருமையான சொல்! முதிய காடு! நம் முன்னோர்கள் வெட்டாமல் காப்பாற்றிய காடு!" என்றார். வடிவு நிமிர்ந்தாள். காடு. அவர் மரத்தைச் சொல்கிறார். கவிஞரைப் பார்த்தாள், அவர் வெற்றிலை மெல்லுவதை மட்டும் நிறுத்தியிருந்தார். முன்வரிசையைப் பார்த்தாள், தமிழ் படித்தவர்கள் ஒரு கை விரலுக்கு மேல் இருந்தார்கள், ஒருத்தர் மேல்கூரையைப் பார்த்தார், ஒருத்தர் பேனாவைத் திருகினார், கணவர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்த விமர்சக அம்மாள் தலையாட்டினாள். புத்தகத்துக்குள் தொண்ணூறு பக்கம் பிணமும் தாழியுமாகக் கிடக்கிறது, அதை வெளியிட வந்தவருக்கு அது தோப்பு, ஒருத்தர் வாய் திறக்கவில்லை. பெரிய அதிகாரி அல்லவா. "இப்போது பேசிய அம்மையார் என் கண்ணைத் திறந்துவிட்டார். தந்தையின் நினைவாக அந்த முதுகாட்டில் ஓர் இடம் கேட்டார். எதற்காகக் கேட்க வேண்டும்? பெற்றோர் பேரில் ஒரு மரம் நட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை! முதுகாட்டில் குழி தோண்டுங்கள், ஆழமாகத் தோண்டுங்கள், எவனாவது தடுத்தால் ராஜமன்னார் சொன்னார் என்று சொல்லுங்கள். இந்த மேடையிலேயே அனுமதி தருகிறேன்!" கைதட்டல். எல்லோரும் தட்டினார்கள், கவிஞர் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். இவ்வளவு நேரம் தொண்டையில் நின்றது இப்போது வாய்வரைக்கும் வந்துவிட்டது, வடிவு கைப்பையை எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள், பழக்கதோஷத்தில் கன்றையும் எடுத்துக்கொண்டாள், மாடிப்படியில் பாதி இறங்கி ஒரு மூலையில் குனிந்தாள், வெறும் பித்தநீர்தான் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கையில் போன் அதிர்ந்தது, எடுத்தாள்.

"ஆச்சுளா" என்றான் கொம்பையா. பின்னால் பொம்பளைகள் ஒப்பாரி கேட்டது. வடிவு படியில் உட்கார்ந்துவிட்டாள், நான் அங்கே இல்லையே என்ற ஒன்றுதான் வந்தது, அவர் போகிற நேரத்தில் நான் இங்கே, இந்த வாடைக்குள்ளே, இவர்கள் நடுவில். அழுதாள். அண்ணன் காத்திருந்தான், அப்புறம் மெல்லக் கேட்டான், "குப்பைமேட்டுக்கே வெட்டச் சொல்லிரட்டா? ஆளு நிக்காங்க." மேலே யாரோ நன்றியுரையில் முதுகாடு என்றார்கள், படிக்கட்டு முழுக்க அந்தச் சொல் எதிரொலித்தது. வடிவு மூக்கை முந்தானையில் துடைத்தாள். "வேண்டாம். பரம்புக்குப் போங்க. அம்மை பக்கத்துல வெட்டச் சொல்லு." "வாச்சர் விட மாட்டான்ளா." "பலகையில என்ன எழுதிருக்குன்னு அவன்ட்டயே வாசிக்கச் சொல்லு. முதுகாடுன்னுதான போட்டுருக்கு? அந்த முதுகாட்டுல குழி தோண்ட ராஜமன்னார் சார் மேடையில வச்சு அனுமதி குடுத்துட்டாரு. இவங்க எடுத்த படம் போன்ல வந்துருக்கும், போட்டுக் காட்டு, அவர் வாயால சொல்லுதாரு." கொம்பையா சந்தேகத்தோடு கேட்டான், "புதைக்கவா அனுமதி குடுத்தாரு?" "மரம் நட." கறுப்புப் பையை அவள் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள், உள்ளே மண் ஈரமாகத்தான் இருந்தது. "புங்கை. நான் கொண்டுட்டு வாரேன், மேல நட்டுருவோம். பானை தட்டுப்பட்டா தண்ணி விட்டுட்டுத் தள்ளி வெட்டச் சொல்லு." "ஒரு புங்கங்கன்னுக்கு எதுக்கு ஆறடின்னு கேட்டாம்னா?" பஸ் நிலையத்துக்குப் போகிற ஆட்டோ ஒன்று வாசல் பக்கம் வந்தது, வடிவு எழுந்து மிச்சப் படியையும் இறங்கி அதைக் கைகாட்டி நிறுத்தினாள்.

"அய்யா பேர்ல நடுதோம்னு சொல்லு" என்றாள்.